பிணையக் கிடங்கு விதிகளும் வங்கதேச ஏற்றுமதியும்

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் சரக்கைச் சுங்க வரி கட்டாமலே வைத்துக்கொள்ள அரசு உரிமம் அளித்த இடம் பிணையக் கிடங்கு. வணிக வட்டாரத்தில் பாண்டட் வேர்ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். இங்கே வரி தள்ளுபடி ஆவதில்லை, நிலுவையில் நிற்கிறது. சரக்குக்குத் தாமே பொறுப்பு என்று இறக்குமதியாளர் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். சரக்கு உள்நாட்டுச் சந்தைக்குப் போனால் வரியைக் கட்ட வேண்டும். ஏற்றுமதியாகிவிட்டால் வரியைக் கேட்பவர் இல்லை. கிடங்குக்குள்ளேயே பொருளை உருமாற்றவும் அனுமதி கிடைத்துவிட்டால் தொழிற்சாலை முழுவதுமே பிணையக் கிடங்காகிறது. அத்தகைய தொழிற்சாலைகளை ஒரே இடத்தில் திரட்டி மதில் எழுப்பினால் பிணைய மண்டலம். அயர்லாந்தின் ஷானன் (1959), குஜராத்தின் காண்ட்லா (1965), தென்கொரியாவின் மாசான் (1970), இலங்கையின் கட்டுநாயக்க (1978) எல்லாம் இந்த மதில் வகையைச் சேர்ந்தவை. இவ்விதிகள் ஏற்றுமதியை உண்மையில் வளர்க்கின்றனவா என்ற கேள்விக்குச் சான்று தேடுவோர் பெரும்பாலும் இந்த மண்டலங்களையே பார்க்கிறார்கள். ஆனால் வலுவான சான்று வங்கதேசத்தில் இருக்கிறது. அங்கே ஏற்றுமதி பெருகியது மதிலுக்கு வெளியே, தனித்தனி உரிமம் பெற்ற ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகளில். அந்த வளர்ச்சி எந்தச் சரக்கில் நின்றது, யாரை எட்டாமல் போனது என்பதும் அந்த உரிம விதியின் வரம்புகளையே பெரிதும் ஒத்திருக்கிறது. சுங்க விதி ஏற்றுமதிக்கு வழி திறப்பதோடு நிற்பதில்லை, அதன் உருவத்தையும் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1970களின் முடிவில் வங்கதேசத்தின் ஏற்றுமதி என்றால் சணலும் சணல் பொருள்களும், கொஞ்சம் தேயிலையும் தோலும்தான். 1978இல் முன்னாள் அரசு அதிகாரியான நூருல் காதர் தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம் தென்கொரியாவின் டேவூவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. கொரிய ஆடைகளுக்கு மேலைநாடுகள் விதித்திருந்த கோட்டா வரம்பு, கோட்டா இல்லாத நாடுகளைத் தேடும் நிலைக்கு டேவூவைத் தள்ளியிருந்தது. 1979இல் தேஷ் ஊழியர்கள் 130 பேர் பூசானில் இருந்த டேவூ ஆலைக்குப் பயிற்சிக்குப் போனார்கள். 1980இல் உற்பத்தி தொடங்கியது. முதல் ஆண்டில் விற்றது 43,000 சட்டைகள், மதிப்பு சுமார் 55,000 டாலர். பயிற்சி பெற்றவர்களில் 115 பேர் சில ஆண்டுகளில் விலகிச் சொந்தமாகவும் பிறரோடு சேர்ந்தும் ஆலைகள் தொடங்கியது வளர்ச்சிப் பொருளாதார நூல்கள் அடிக்கடி சொல்லும் கதை. அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. தையல் நுட்பத்தோடு கொரியாவின் பிணையக் கிடங்கு நடைமுறையையும் டேவூ அறிந்திருந்தது. அதே ஏற்பாட்டை டாக்காவிலும் கொண்டுவரும்படி தேஷ் அரசிடம் கேட்டது, அரசும் இசைந்தது. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தந்த சலுகையாக அது முடங்கியிருந்தால் விலகிப் போன 115 பேரின் திறமை பெரிதாகப் பயன்பட்டிருக்காது. ஏற்றுமதிக்கென்றே ஆடை தைக்கும் எந்த ஆலையும் விண்ணப்பிக்கலாம் என்ற பொது விதியாக அது மாறியதுதான் திருப்பம். 1983-84இல் 134 ஆக இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் அடுத்த ஆண்டே 384 ஆயின.

இந்த விதி வேலை செய்யும் விதத்தை அறிய ஒரு சட்டை ஆர்டரைத் தொடர்ந்து போகலாம். ஐரோப்பிய வாங்குநர் ஒருவர் டாக்கா ஆலைக்கு ஆர்டர் தந்து, வங்கி மூலம் எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதம் திறக்கிறார். அந்த எல்.சி.யையே ஈடாக வைத்து, துணி விற்கும் சீன ஆலையின் பெயருக்கு ஆலையின் வங்கி இன்னொரு எல்.சி. திறக்கிறது. பேக்-டு-பேக் எல்.சி. என்று இதைச் சொல்வார்கள். துணிக்கான பணத்தைச் சட்டை ஏற்றுமதியாகித் தொகை வந்த பிறகு கட்டினால் போதும். அடுத்து ஆடை உற்பத்தியாளர் சங்கத்திடம் யூ.டி. எனப்படும் பயன்பாட்டு உறுதிச் சான்று பெற வேண்டும். எத்தனை டஜன் சட்டைகள், ஒரு டஜனுக்கு எத்தனை கெஜம் துணி, எவ்வளவு கழிவு, எத்தனை பொத்தான், எந்த எல்.சி. எண் என்பதெல்லாம் அதில் இருக்கும். துறைமுகத்தில் துணி வரியின்றி விடுபட்டு ஆலையின் பிணையக் கிடங்குக்குப் போகிறது, பதிவேட்டில் வரவாகிறது. சட்டைகள் கப்பலேறியதும் யூ.டி. கணக்குப்படி துணி பற்றாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையில் வரவும் பற்றும் ஒத்துப்போக வேண்டும். இந்தச் சங்கிலியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. துணி விலையும் அதன் மீதான வரியும், இரண்டுமே தொழில்முனைவோரின் கையிலிருந்து முன்பணமாகப் போவதில்லை. ஒவ்வோர் ஆர்டரிலும் துணி அளவை மதிப்பிடும் வேலையை அரசு தன் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளாமல் தொழிலை அறிந்த சங்கத்திடம் விட்டது. இதனால் தாமதம் குறைந்தது. முறைகேட்டுக்கு ஒரு கதவு திறந்ததும் இதனால்தான் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இங்கே முதல் மறுப்பு எழும். வரியை முதலில் கட்டிவிட்டு ஏற்றுமதிக்குப் பின் திரும்பப் பெறும் டிராபேக் முறை இருக்கிறதே, விளைவு ஒன்றுதானே என்பார்கள். தாளில் ஒன்றுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆர்டரின் மதிப்பு 10 லட்சம் டாலர், அதில் துணியும் பிற உதிரிகளும் 7 லட்சம், வரி 50 விழுக்காடு என்று கொள்வோம். முன்பணமாகக் கட்ட வேண்டியது 3.5 லட்சம் டாலர். துணி இறங்கி, தைத்து, அனுப்பி, ஆவணம் சமர்ப்பித்து, வரி திரும்பக் கிடைக்க ஆறு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால் 21,000 டாலர் போய்விடும். ஆர்டர் மதிப்பில் இது 2.1 விழுக்காடு. விலையில் சென்ட் கணக்கில் பேரம் நடக்கும் தொழிலில் லாபத்தின் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடும். அதைவிடக் கடுமையானது கடன் வரம்பு. 3.5 லட்சம் டாலரை வரிக்காக மட்டும் கடன் தர எந்த வங்கியும் புதியவருக்கு இசையாது. பழைய பணக்காரர்களுக்கு டிராபேக் ஒரு செலவு, முதல் இல்லாதவருக்கு அது நுழைவுத் தடை. டாக்காவில் டிராபேக் வழங்கத் தனி அலுவலகமே இருந்தும் ஆடைத் தொழில் அதை நம்பி வளரவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. வங்கதேச ஆடை ஏற்றுமதியை வளர்த்தது மலிவான கூலியும் துணி, ஆடை இறக்குமதிக்கு நாடுவாரி வரம்பு வைத்த 1974இன் பல்லிழை ஒப்பந்தக் கோட்டாக்களும்தான், சுங்க விதி உடன் வந்தது மட்டுமே என்பது அது. கூலியும் கோட்டாவும் பெரும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. டேவூ அங்கு வந்ததே கோட்டாவால்தான். ஆனால் கோட்டா முறை 2004 டிசம்பரோடு முடிந்தபோது வங்கதேசத்தின் ஆடைத் தொழில் சரியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. 2004-05இல் சுமார் 642 கோடி டாலராக இருந்த ஆயத்த ஆடை ஏற்றுமதி 2018-19இல் 3,413 கோடி டாலரைத் தொட்டது. கூலியைப் பொறுத்தவரை அதே நாட்டிலேயே ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. பிளாஸ்டிக், மரச்சாமான், இலகு பொறியியல் பொருள்கள் ஆகியவற்றிலும் அதே கூலிதான். 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆயுதம் தவிர்த்த எல்லாப் பொருள்களுக்கும் தீர்வையில்லா நுழைவு தந்தது, அது ஆடைக்கு மட்டுமான சலுகை இல்லை. அப்படியிருந்தும் அந்தத் தொழில்கள் ஏற்றுமதியில் ஆடையின் அருகில்கூட வரவில்லை. அவற்றில் பல, உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சேர்த்தே உற்பத்தி செய்பவை. முழுக்க ஏற்றுமதிக்கே என்று உறுதி கூறும் ஆலைக்கு எளிதாகவும் மற்றவருக்கு அரிதாகவும் கிடைக்கும் உரிமம் அவற்றை வெளியே நிறுத்தியது. ஆடைக்கு வேறு அனுகூலங்களும் இருந்தன. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம், பொருள் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிக்கும் மூல விதியைத் தளர்த்தி, இறக்குமதித் துணியில் தைத்த ஆடைக்கும் சலுகை தந்தது அவற்றில் ஒன்று. ஆனால் அந்தச் சலுகையும் இறக்குமதித் துணி வரியின்றி ஆலைக்குள் வரும் நாட்டுக்குத்தான் முழுப் பயன் தரும்.

மதில் கட்டிய மண்டலங்கள் வங்கதேசத்திலும் உண்டு. சிட்டகாங்கில் 1983இல் முதல் ஏற்றுமதிப் பதப்படுத்தல் மண்டலம் வந்தது, 1993இல் சாவரில் டாக்கா மண்டலம். அவை நன்றாகவே நடக்கின்றன. ஆனாலும் நாட்டின் ஏற்றுமதியில் எல்லா மண்டலங்களுக்கும் சேர்த்துச் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் காஜிப்பூர், நாராயண்கஞ்ச், ஆஷுலியா, மிர்ப்பூர் தெருக்களின் பிணைய உரிம ஆலைகளிலிருந்து வருகிறது. மண்டலத்தில் இடம் பெற நிலக் குத்தகையும் பெரிய முதலீடும் வேண்டும், இருக்கும் இடமோ அளவானது. உரிமத்துக்கு முகவரி ஒன்று போதும். இலங்கையிலும் இதன் சாயல் தெரிகிறது. கட்டுநாயக்க மண்டலத்தில் குவிந்திருந்த ஆடைத் தொழிலை 1992இல் பிரேமதாச அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தின் வழியே கிராமங்களுக்குக் கொண்டுபோனது. மண்டலத்துக்கு உரிய தீர்வைச் சலுகை மதிலைத் தாண்டி ஆலையோடு சேர்ந்து நகர்ந்ததால்தான் அது முடிந்தது.

இந்தியா எதிர்த்திசையில் ஒரு பாடம். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, பிணையக் கிடங்குக்குள் உற்பத்தி செய்யத் தொடக்கத்திலேயே இடமளித்தது. ஆனால் கிடங்கு சுங்க அதிகாரியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்தது. சரக்கை உள்ளே வைக்கவும் வெளியே எடுக்கவும் அவர் அனுமதி வேண்டும், அவர் நேரத்துக்குக் கட்டணமும் கட்ட வேண்டும். சட்டத்தில் இருந்த உரிமை நடைமுறையில் பயன்படாமல் கிடந்தது. அரசும் காண்ட்லா, சாந்தாகுரூஸ், தாம்பரம் என்று மண்டலங்களையும், 1980 இறுதியில் அறிவித்த நூறு விழுக்காடு ஏற்றுமதி அலகுத் திட்டத்தையும், பிறகு 2005இன் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தையுமே நம்பியது. 2016இல்தான் நேரடிக் கட்டுப்பாடு நீங்கிப் பதிவேட்டுக் கட்டுப்பாடு வந்தது. 2019 அக்டோபரில் வந்த புதிய ஒழுங்குமுறைகள் 65ஆம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்தன. வங்கதேசம் 1980களிலேயே எடுத்த முடிவை எட்ட இந்தியாவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருப்பூர் இந்த வசதி இல்லாமலே வளர்ந்ததே என்று கேட்கலாம். வளர்ந்தது உண்மை. பருத்தி நூல் கோவை வட்டார ஆலைகளிலேயே கிடைத்ததால் இறக்குமதி வரியின் பாரம் அங்கு அவ்வளவாகத் தெரியவில்லை. உலகச் சந்தை செயற்கை இழை ஆடைகளின் பக்கம் சாய்ந்து, வெளிநாட்டுத் துணியின் தேவை எழும்போதுதான் பாரம் உறைக்கிறது.

வங்கதேச விதியின் குறைகளை மறைத்துவிட்டு அதன் வெற்றியைச் சொல்வது நேர்மையாகாது. முதல் குறை குவிப்பு. 1983-84இல் மொத்த ஏற்றுமதியில் ஆடையின் பங்கு 4 விழுக்காட்டை எட்டவில்லை. 1990-91இல் பாதி. 2018-19இல் 84 விழுக்காடு. ஒரே பண்டத்தின் மீது நாடு நிற்பதை அந்நாட்டுப் பொருளாதார அறிஞர்களே ஆபத்தாகச் சுட்டுகிறார்கள். பிணைய வசதியே இதற்குக் காரணம் என்று சொல்லி அதைச் சுருக்கக் கேட்போர் நோயை மாற்றிப் படிக்கிறார்கள். வசதி ஒரு தொழிலுக்கு எளிதாகவும் பிறவற்றுக்குக் கடினமாகவும் இருந்ததே குவிப்பின் காரணம், எனவே தீர்வு அதைப் பரவலாக்குவதுதான். உற்பத்தியில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுமதி செய்யும் ஆலையும் அந்தப் பகுதிக்கான உள்ளீட்டைப் பிணையத்தில் கொண்டுவர வழி வேண்டும். இந்தியாவின் 2019 ஒழுங்குமுறைகள் இதைச் செய்கின்றன. அங்கே ஏற்றுமதிக் கட்டாயமே இல்லை, உள்நாட்டில் விற்றால் அந்தச் சரக்குக்குரிய வரியைக் கட்டிவிட்டால் போதும்.

இரண்டாவது குறை கசிவு. பழைய டாக்காவில் உள்ள இஸ்லாம்பூர் துணிச் சந்தையில் பிணையத்தில் வந்த துணி வரியின்றி விலைபோகிறது என்பது அங்கு எல்லோரும் அறிந்த செய்தி. யூ.டி.யில் டஜனுக்குத் தேவையைவிட இரண்டு கெஜம் கூட்டிக் காட்டினால் மிச்சத் துணி சந்தைக்கு வந்துவிடும். செயல்படாத ஆலையின் பெயரில் உரிமத்தை உயிரோடு வைத்திருந்து துணி இறக்குவதும் நடக்கிறது. வரி கட்டிய வணிகரும் உள்நாட்டு நெசவாலைகளும் இதனால் அடிபடுகிறார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் கசிவின் ஊற்று எங்கே என்று பார்க்க வேண்டும். இறக்குமதித் துணிக்குச் சுங்க வரி, துணை வரி, மதிப்புக் கூட்டு வரி என்று அடுக்கும் நாட்டில் ஒரு சுருள் துணியைத் திருப்பிவிட்டாலே பெரிய ஆதாயம். வரி உயர உயரப் பிணைய வசதியின் தேவையும் கூடும், அதைக் களவாடும் ஆசையும் கூடும். பூட்டை இறுக்கினால் கணக்கில் நேர்மையான ஆலைதான் காத்துக் கிடக்கும். யூ.டி.யையும் துறைமுகப் பதிவையும் ஏற்றுமதிப் பதிவையும் ஒரே கணினிக் கணக்கில் பொருத்திப் பார்ப்பதும், துணி வரியைப் படிப்படியாகக் குறைப்பதும் கசிவைக் குறைக்கும் வழிகள். உள்நாட்டு நூற்பாலைகளைப் பிணைய வசதி அழித்துவிடும் என்ற அச்சமும் பாதியளவே மெய்ப்பட்டது. நெய்த துணிக்கு நாடு இன்றும் பெரிதும் இறக்குமதியையே நம்புகிறது. பின்னலாடைக்கான நூலிலும் துணியிலும் பெரும்பகுதி உள்நாட்டிலேயே உருவாகிறது. வரியில்லா வெளிநாட்டு நூலோடு போட்டியிட்டே அந்த ஆலைகள் நின்றன.

மூன்றாவது குறைதான் மிகக் கடியது. முகவரி ஒன்று போதும் என்ற அதே எளிமை, ஆலைக்கென்று கட்டாத கட்டடங்களுக்குள் ஆலைகளைக் கொண்டுவந்தது. கடைக்கும் அலுவலகத்துக்கும் எழுப்பிய மாடிகளில் தையல் இயந்திரங்களும் ஜெனரேட்டர்களும் ஏறின. 2013 ஏப்ரல் 24இல் சாவரில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கீழே கடைகளும் வங்கிக் கிளையும், மேலே ஆடை ஆலைகளும் இருந்த கட்டடம் அது. முந்தைய நாள் விரிசல் கண்டு வங்கியும் கடைகளும் மூடப்பட்டன, தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் உள்ளே வரவழைக்கப்பட்டார்கள். இதற்குச் சுங்கத் துறை பொறுப்பு என்று சொல்ல முடியாது, கட்டட அனுமதியும் தொழிலாளர் பாதுகாப்பும் வேறு துறைகளின் கடமை. ஆயினும் ஒரு கெஜம் துணி குறைந்தால் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைக் கட்டிய அரசு, தூண் தாங்குமா என்று பார்க்கும் ஏற்பாட்டை அதே அக்கறையோடு கட்டவில்லை. வருவாய்க்குப் பாதுகாப்பு இருந்தது, உயிருக்கு இல்லை. பிணைய உரிமமும் அதன் புதுப்பித்தலும் ஆலையின் உயிர்நாடி, அது இல்லாமல் ஓர் ஆர்டரும் நகராது. கட்டடத் தகுதிச் சான்றும் தீப்பாதுகாப்புச் சான்றும் நடப்பில் இருந்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்ற நிபந்தனையைக் கறாராக நடத்தினால் அதைவிட வலிய பிடி அரசிடம் வேறில்லை. இந்த வசதியைப் பின்பற்ற நினைக்கும் எந்த நாடும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுவே.

உலக வர்த்தக விதிகள் இந்த வசதியின் எதிர்காலத்தை எப்படிப் பார்க்கின்றன என்பது கடைசிக் கேள்வி. ஏற்றுமதியாகும் பொருளின் மீதும் அதில் செலவான உள்ளீட்டின் மீதும் தீர்வையை விலக்குவது மானியம் ஆகாது என்று உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம் ஏற்கிறது. ஏற்றுமதி செய்தால்தான் கிடைக்கும் பிற சலுகைகளுக்கு அந்தக் காப்பு இல்லை. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019 அக்டோபர் 31இல் வெளிவந்த தீர்ப்பு, இந்தியாவின் பல ஏற்றுமதித் திட்டங்களைத் தடைசெய்யப்பட்ட மானியம் என்றது. முதலீட்டுப் பொருள்களுக்கான தீர்வைச் சலுகையும் மண்டல அலகுகளுக்கான வருமான வரிச் சலுகையும் அதில் அடங்கின. இந்தியா மேல்முறையீடு செய்தது. ஏற்றுமதி மானியத் தடையிலிருந்து விலக்குப் பெறும் குறைவளர்ச்சி நாடுகளின் பட்டியலிலிருந்து வங்கதேசம் 2026 நவம்பர் 24இல் வெளியேற வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2021இல் நாள் குறித்தது. அதை எதிர்நோக்கி, 2024 ஜனவரியில் வங்கதேச மத்திய வங்கி ஏற்றுமதியாளருக்கான ரொக்க ஊக்கத்தொகை விகிதங்களைக் குறைத்தது. பழைய 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சுங்கச் சட்டத்திலும் பிணையக் கிடங்கு தொடர்கிறது.